கோட்டைக் கையெழுத்தும் மாமன்றக் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

மாநகராட்சிகளின் ஆண்டு பட்ஜெட்டை எப்படிப் படிப்பது என்று சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை கவுன்சிலரிடமும் மேயரிடமும் கேட்க வேண்டியவை என்று நினைத்து எழுதப்பட்டவை. படிக்கப் படிக்க, அவற்றில் முக்கால்வாசிக்கு விடை மாமன்றக் கூடத்தில் இல்லை, சட்டமன்றத்திலும் தலைமைச் செயலகத்திலும்தான் இருக்கிறது என்று தோன்றியது. ஆகவே இந்த முறை அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியுள்ள கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2022-ல் எங்கள் வீட்டுச் சொத்து வரி ஒரேயடியாக இரண்டு மடங்கானது. அப்போதுதான் வெற்றி பெற்று வந்திருந்த எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டேன். "எங்களைக் கேட்டா செய்தார்கள், அரசாணையே வந்துவிட்டதே அம்மா" என்றார். வரியை உயர்த்தியது உண்மையில் யார்?
— வாசகி, கோடம்பாக்கம், சென்னை

பதில்: உங்கள் கவுன்சிலர் தட்டிக்கழிக்கவில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மார்ச் 4 அன்று மேயர்கள் தேர்வானார்கள். அதிலிருந்து ஒரு மாதம் முடிவதற்குள் சொத்து வரிச் சீராய்வை மாநில அரசு அறிவித்துவிட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்றும், 2011-ல் சென்னையுடன் சேர்ந்த பகுதிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் அதே அளவுகளுக்கு 25, 50, 75, 100 சதவீதம் என்றும் படிநிலைகள் கோட்டையிலேயே வகுக்கப்பட்டன. மாமன்றங்கள் அதன் பிறகு தீர்மானம் போட்டன. வரி விதிப்பதற்கு மாமன்றத் தீர்மானம் வேண்டும் என்பது சட்டம். ஆனால் எவ்வளவு என்ற கேள்வி அந்தத் தீர்மானம் எழுதப்படும் முன்பே முடிந்திருந்தது.

மாநில அரசின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிக்க வேண்டும், அதன் பிறகு மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் உயர்த்தி வர வேண்டும், அப்படிச் செய்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று 15-ஆவது மத்திய நிதி ஆணையம் நிபந்தனை விதித்திருந்தது. அரசாணைக்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணமும் அதுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. சென்னையில் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 1998-ல் நடந்தது. இடையில் 2018-ல் ஓர் உயர்வு வந்து, மக்கள் கட்டவும் தொடங்கிய பிறகு, 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த நேரத்தில், அரசே அதை நிறுத்திவைத்தது. கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளச் சொன்னது. ஏற்றியபோதும் சரி, நிறுத்தியபோதும் சரி, கருத்துச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே ஊரில் இல்லை. 24 ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால், ஓய்வூதியத்தில் வாழ்பவரின் வீட்டில் அது இடியாக இறங்குகிறது. ஆண்டுக்குச் சிறிதளவு உயர்த்தும் முறை இப்போது சட்ட விதிகளில் வந்திருக்கிறது. சென்னையில் 2024-25-ன் இரண்டாம் அரையாண்டிலிருந்து 6 சதவீத உயர்வு அந்த வழியில் வந்ததுதான். கசப்பாக இருந்தாலும், முன்னதைவிட இதுவே நேர்மையான முறை என்பது என் கருத்து.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினேன். பத்திரப்பதிவுக்குக் கட்டிய பெருந்தொகையில் மாநகராட்சிக்கு ஏதாவது போகிறதா? 2017-ல் வழிகாட்டி மதிப்பைக் குறைத்தபோது நகரத்துக்கே நன்மை என்றார்களே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போகிறது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மாநில முடிவு எப்படிச் சத்தமில்லாமல் நகரத்தின் பையில் கைவைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறு இல்லை.

கிரயப் பத்திரத்துக்கு நாம் கட்டுவதில் மூன்று பகுதிகள் உண்டு. 5 சதவீதம் முத்திரைத் தீர்வை, அது மாநிலத்துக்கு. பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கே. நடுவில் 2 சதவீதம், பத்திர எழுத்தர்கள் 'டிரான்ஸ்பர் டியூட்டி' என்று சொல்வது, சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த உள்ளாட்சிக்காகப் பதிவுத்துறை வசூலித்துத் தருவது. 2017 ஜூன் மாதத்தில் அரசு இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்தது: பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது.

வழிகாட்டி மதிப்பின்படி 60 லட்சம் ரூபாய்க்குப் பதிவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் முத்திரைத் தீர்வை 3,00,000, பதிவுக் கட்டணம் 60,000, ஆக மாநிலத்துக்கு 3,60,000 ரூபாய்; உள்ளாட்சிக்கு 1,20,000. புதிய முறையில் மதிப்பு 40,20,000 ஆகிறது. முத்திரைத் தீர்வை 2,01,000, பதிவுக் கட்டணம் 1,60,800, ஆக மாநிலத்துக்கு 3,61,800 ரூபாய், உள்ளாட்சிக்கு 80,400. வாங்குபவருக்கு 37,800 ரூபாய் மிச்சம். மாநிலத்துக்கு 1,800 ரூபாய் கூடுதல். இந்த இரண்டையும் கூட்டினால் வரும் 39,600 ரூபாய்தான் உள்ளாட்சி இழந்த தொகை, காசு பிசகாமல்.

வழிகாட்டி மதிப்பு உயர்ந்துபோய்விட்டது, மனை விற்பனை தேங்கிக் கிடக்கிறது என்ற குறை அன்று உண்மையிலேயே இருந்தது; அதற்குத் தீர்வு தேடியதில் தவறில்லை. ஆனால் குறைப்பினால் வரும் நட்டத்தை ஈடுகட்ட மாநிலம் தனக்கு ஒரு வழியை வைத்துக்கொண்டது, பங்கு பிரிக்கத் தேவையில்லாத பதிவுக் கட்டணத்தின் மூலமாக. உள்ளாட்சிகளுக்கு அப்படி எந்த வழியும் வைக்கப்படவில்லை. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு 2017-க்கு முந்தைய நிலைக்குத் திரும்பி, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தபோதுதான், நம் கணக்கிலுள்ள வீட்டுக்கு ஊரின் பங்கு மீண்டும் 1,20,000 ஆனது. வாங்குபவரின் சுமை 5,40,000-ஆக ஏறியதையும் மறைக்க விரும்பவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், கைமாறிய ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு மனையிலும் ஊரின் பங்கு இப்படிச் சுருங்கியிருந்தது என்பதை எந்த மாநகராட்சியின் பட்ஜெட் உரையிலாவது ஒரு வரியாகச் சொன்னார்களா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: மாநில அரசு தன் வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குத் தருகிறது என்று பாடத்தில் படிக்கிறோம். பிறகு ஏன் எப்போதும் நிதி இல்லை என்கிறார்கள்?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பாடத்தில் உள்ளது சரி, ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மாநிலத்தின் *சொந்த வரி* வருவாயில், நிகரத் தொகையில், 10 சதவீதம். அரசியல் சட்டத்தின் 243-ஒய் பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஏற்பதால் வருவது. அந்தப் பத்தையும் ஊராட்சிகள், பேரூராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

சொந்த வரி என்பதால், மாநிலம் தன் வரியில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதன் பத்தில் ஒரு பங்கு உள்ளாட்சியின் தலையில் வந்து நிற்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லப்பட்டது. வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அது ஆறுதல்தான். ஆனால் அந்த 1,160 கோடியில் பத்தில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 116 கோடி, உள்ளாட்சிகளுக்குப் பகிரப்பட வேண்டிய தொகையிலிருந்து குறைந்தது என்பதை அன்று யாரும் பேசவில்லை.

இனி, பகிர்ந்த தொகை முழுவதும் கைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பல ஆண்டுகள் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் பணியாற்றியவன். மாதம் பிறந்ததும் மானிய விடுவிப்புப் பட்டியலுக்காகக் காத்திருப்போம். அந்தத் தாளில் ஊர்ப் பெயருக்கு எதிரே முதலில் மொத்த ஒதுக்கீடு இருக்கும். அதைப் பார்க்கும்போது மனது நிறையும். அடுத்து வரிசையாகப் பிடித்தங்கள்: பழைய கடனுக்கான தவணை, குடிநீர் வடிகால் வாரியத்துக்கான பாக்கி, ஓய்வூதியப் பங்களிப்பு என்று. கடைசிக் கட்டத்தில் நிகரத் தொகை. ஒரு மாதம் அந்தக் கடைசிக் கட்டத்தைத் துப்புரவுப் பணியாளர்களின் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு, எங்கள் மேலாளர் ஒன்றும் பேசாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த மாதம் தெருவிளக்குச் சாமான் வாங்கும் கோப்பு அப்படியே கட்டி வைக்கப்பட்டது. இருட்டாக இருக்கிறது என்று மனுக் கொடுக்க வந்தவர்களிடம் இந்தத் தாளைக் காட்டவா முடியும்? பிடித்தங்கள் எல்லாம் நியாயமான பாக்கிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பாக்கியை முதலில் கொடுப்பது, எதைத் தவணையாகக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமைகூட ஊருக்கு இல்லாமல் போகிறது.

கேள்வி: மேயர் நினைத்தால் மாநகராட்சி ஆணையரை மாற்ற முடியுமா?
— வாசகர், சேலம்

பதில்: முடியாது. ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மாமன்றம் அதிகபட்சம் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் கழிவுநீர் வழிந்தால் கவுன்சிலர் "அது மெட்ரோ வாட்டர்" என்கிறார். மதுரையிலுள்ள என் தங்கை வீட்டில் இதே புகாரை மாநகராட்சியே எடுத்துக்கொள்கிறது. ஏன் இந்த வேறுபாடு?
— வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: 1978-ல் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம்தான் காரணம். அதன்படி 'மெட்ரோ வாட்டர்' எனப்படும் சென்னைப் பெருநகரக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் உருவாகி, அதுவரை மாநகராட்சியிடம் இருந்த குடிநீரும் கழிவுநீரும் வாரியத்துக்குச் சென்றன. வாரியத்தின் தலைவர் துறை அமைச்சர், மேயர் அல்லர். குடிநீர், கழிவுநீர் வரியும் தனியாக வாரியத்துக்கே செல்கிறது. மதுரை, கோவை போன்ற ஊர்களில் அந்தப் பணி இன்றும் மாநகராட்சியிடமே இருக்கிறது. மனை வரைமுறையும் பெரிய கட்டடங்களுக்கான அனுமதியும் சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், குடிசைப் பகுதிகளுக்கான வீடுகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். இவை ஒவ்வொன்றும் மாநில அரசின் கீழ் இயங்குபவை.

1992-ன் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்காக 18 பணிகளை எழுதிவைத்தது. குடிநீரும் நகரத் திட்டமிடலும் அவற்றில் உண்டு. ஆனால் மாநிலச் சட்டமன்றம் அவற்றை 'அளிக்கலாம்' என்று எழுதிவைத்ததே தவிர, அளித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வினைச்சொல்லால்தான், உங்கள் தெருவில் வழியும் கழிவுநீருக்கு நீங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரால் தொலைபேசியில் பரிந்துரைக்க மட்டுமே முடிகிறது.

கேள்வி: உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் என்ன குறைந்துவிடும்? தனி அலுவலர்கள் வேலையை நன்றாகத்தானே பார்க்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: மாமன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்களில் பலர் நேர்மையாகவும் கடினமாகவும் உழைத்தவர்கள், அவர்களிடம் நானே பணிபுரிந்திருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வரலாற்றைப் பாருங்கள். 1688-ல் தொடங்கிய, நாட்டிலேயே மிகப் பழமையான சென்னை மாநகராட்சியின் மாமன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல். 23 ஆண்டுகள் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியிலும் ரிப்பன் மாளிகையில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் உண்டு என்பதையே அறியாமல் வளர்ந்து வாக்காளர்களானார்கள்.

ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 74-ஆவது திருத்தம் சொன்ன பிறகும் மாமன்றம் இல்லாத நிலை மீண்டும் வந்தது. 2016 அக்டோபரில் மாமன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிக்கை நீதிமன்றத்தில் ரத்தானது. பிறகு வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று நாள் நீண்டது. அந்தக் காலம் முழுவதும் தனி அலுவலர்களின் பதவிக்காலத்தை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கும் மசோதாக்கள் சட்டமன்றத்துக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்குக் கிடைத்த விவாத நேரத்தை அவைக் குறிப்பில் தேடினால் வருத்தம்தான் மிஞ்சும். 2022 மார்ச்சில்தான் புதிய மாமன்றங்கள் கூடின.

குறைந்தது என்ன என்று கேட்டீர்கள். முதலில் பணம் குறைந்தது: முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே மானியம் என்பதால், 14-ஆவது நிதி ஆணையத்தின்படி தமிழகத்துக்கு வரவேண்டிய உள்ளாட்சி மானியத்தில் ஒரு பகுதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. இரண்டாவது, கேள்வி கேட்கும் இடம் போனது. தனி அலுவலர் ஆட்சியில் மாமன்றத்தின் அதிகாரமும் ஆணையரின் அதிகாரமும் ஒருவரிடமே சேர்கின்றன. கோப்பை எழுதுபவரும் அதை ஒப்புக்கொள்பவரும் ஒரே ஆள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், 7-ஆவது வார்டில் குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று எழுந்து நின்று கேட்பதற்கு அந்த அறையில் ஒரு நாற்காலி இல்லை.

கேள்வி: சினிமா டிக்கெட்டில் 'உள்ளாட்சி கேளிக்கை வரி' என்று பிடிக்கிறார்களே, அதை நிர்ணயிப்பது எங்கள் மாநகராட்சியா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பெயர்தான் உள்ளாட்சி. விகிதத்தை முடிவு செய்வது மாநிலம். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, கேளிக்கை வரியை விதிக்கும் உரிமை உள்ளாட்சிகளுக்கு மட்டும் என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காகத் தமிழகத்தில் ஒரு தனிச் சட்டமும் வந்தது. முதலில் 30 சதவீதம் என்றார்கள். ஜி.எஸ்.டி.யோடு சேர்த்துத் தாங்க முடியாது என்று திரையரங்குகள் மூடப்பட்டன. பேச்சுவார்த்தை நடந்த இடம் கோட்டை. கடைசியில் புதிய தமிழ்ப் படங்களுக்கு 8 சதவீதம் என்று முடிந்தது. அதே ஜி.எஸ்.டி.யால் விளம்பர வரி உள்ளாட்சிகளின் கையைவிட்டே போயிற்று.

இதற்கு முன்கதையும் உண்டு. பழைய கேளிக்கை வரியில் 90 சதவீதம் உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டியது. 2006-ல் தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்கு முழு வரிவிலக்கு என்று அரசு அறிவித்தது. தமிழ்ப் பெயர்களைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த விலக்கில் பத்துக்கு ஒன்பது பங்கு ஊர்களின் பணம். பரிசை அறிவித்தவர் வேறு, அதற்குப் பணம் கொடுத்தவர் வேறு.

மும்பையைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது பொருத்தமான எடுத்துக்காட்டுதான். ஜி.எஸ்.டி.யால் அங்கே ஆக்ட்ராய், அதாவது நகருக்குள் வரும் சரக்குகள் மீதான வரி, ஒழிந்தபோது, மகாராஷ்டிரச் சட்டமன்றம் உள்ளாட்சிகளுக்கு இழப்பீடு தருவதற்கென்றே 2017-ல் ஒரு சட்டம் இயற்றி, 2016-17-ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சியோடு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது. முதல் தவணையாகவே மும்பை மாநகராட்சிக்கு 647 கோடி ரூபாய் சென்றது. எடுத்துக்கொண்டதைச் சட்டத்தாலேயே திருப்பித் தர முடியும் என்பதற்கு அது சான்று.

கேள்வி: மாநகராட்சியை ஒட்டிய எங்கள் ஊராட்சியை இணைக்கப் போகிறார்கள். கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டோம். சாலை, குடிநீர் வரும் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேலைத்திட்டம் போய்விடுமே?
— ஊராட்சி வார்டு உறுப்பினர், திருப்பூர் மாவட்டம்

பதில்: போய்விடும், அதில் ஐயமில்லை. ஊரக வேலைத்திட்டம் ஊராட்சிப் பகுதிகளுக்கு உரியது. எல்லை மாறும் அறிவிக்கை நடைமுறைக்கு வந்ததும் அந்தத் திட்டத்தின் வேலை அட்டைகளுக்கு உங்கள் ஊரில் பயன் இருக்காது. எல்லையை வகுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருப்பதால், கிராமசபைத் தீர்மானம் அரசு கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றாக இருக்குமே தவிர, இணைப்பைத் தடுக்கும் ஆணையாகிவிடாது.

இணைப்பு எப்போதும் தீமை என்று சொல்ல மாட்டேன். வீட்டுமனைகள் பெருகி, சாக்கடைக்கு வழியில்லாமல் கிடக்கும் ஓர் ஊராட்சியால் பாதாளச் சாக்கடை போட முடியாது. 2011-ல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. ஆனால் அப்படிச் சேர்ந்த பகுதிகளில் எத்தனையோ தெருக்கள் பத்தாண்டு கழிந்த பின்னும் கழிவுநீர்க் குழாய்க்காகக் காத்திருந்தன, வரி ரசீது மட்டும் மாநகராட்சியின் பெயரில் வந்துகொண்டிருந்தது. ஆகவே உங்கள் ஊர் கேட்க வேண்டியது மூன்று விஷயங்கள் என்று நினைக்கிறேன். எந்த ஆண்டில் எந்தத் தெருவுக்குக் குழாய் வரும் என்ற பட்டியல். அதற்கான பணம் மாநில பட்ஜெட்டில் எந்தத் திட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம். அந்த வசதி வரும்வரை வரி விகிதம் உயராது என்ற எழுத்துப்பூர்வ உறுதி. ஆட்சேபம் தெரிவிக்கத் தரப்படும் கால வரம்புக்குள் இவற்றை மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

கேள்வி: அம்மா உணவகத்தின் நட்டம் மாநகராட்சிக்கு என்கிறார்கள், காலை உணவுத் திட்டத்தின் செலவு யாருடையது?
— வாசகர், இராயபுரம், சென்னை

பதில்: 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மூட்டை தூக்குபவரும் ஆட்டோ ஓட்டுநரும் வயிறார உண்ட அந்த உணவகங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மாநில அரசின் கொள்கையாக அறியப்பட்ட அத்திட்டத்தில் விலைக்கும் அடக்கத்துக்கும் உள்ள வேறுபாடு சென்னை மாநகராட்சியின் செலவுக் கணக்கில் ஏறியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கு மாநில அரசே நிதி ஒதுக்கியது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகளுக்கு 33.56 கோடி ரூபாய். யார் அறிவிக்கிறாரோ அவரே பணத்தையும் தருவது என்ற இரண்டாவது முறைதான் எந்த ஆட்சியிலும் பின்பற்ற வேண்டியது.

கேள்வி: இதையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியுண்டா? தெரிந்து என்ன செய்வது?
— குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், தாம்பரம்

பதில்: உண்டு. மாநில நிதிநிலை அறிக்கை வந்த பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். அதில் 34-ஆவது எண் கோரிக்கை நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையினுடையது. அன்றைய தினம் அவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இணையத்தில் கிடைக்கிறது. மாநகராட்சிகளுக்கு எவ்வளவு பகிர்வு விடுவிக்கப்பட்டது, எந்தத் திட்டத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் மாநகராட்சியின் பட்ஜெட் புத்தகத்தில் 'அரசிடமிருந்து வரவேண்டியது' என்று போட்டிருக்கும் தொகையை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

அப்படிக் கோடு போட்ட பக்கத்தை எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் மட்டும் போகாதீர்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள். அவர்தான் அந்த மானியக் கோரிக்கைக்கு வாக்களிப்பவர். தனி அலுவலர் நீட்டிப்பு மசோதாவுக்கும் எல்லை மாற்றத்துக்கான சட்டத் திருத்தத்துக்கும் கை தூக்குபவரும் அவரே. தொகுதிப் பக்கம் வரும்போது கல்யாண மண்டபத்தையும் பேருந்து நிழற்குடையையும் பற்றித்தான் அவரிடம் கேட்கிறோம். 34-ஆவது கோரிக்கை விவாதத்தில் எங்கள் ஊருக்காக என்ன பேசினீர்கள் என்று இதுவரை யாராவது கேட்டிருப்பார்களா தெரியவில்லை. உங்கள் சங்கம் கேட்டு, அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எங்களுக்கு எழுதினால், அடுத்த இதழில் முதல் கடிதமாக அதை வெளியிடுகிறேன்.